உங்கள் பெயரில் விழும் பதிவுகளைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேற்று இரவு நீங்கள் யாரையாவது செல்போனில் அழைத்திருந்தால், அந்த அழைப்பின் விவரம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் இருக்கும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி, பேச்சு தொடங்கியபோது எந்தக் கோபுரம், முடிந்தபோது எந்தக் கோபுரம், எந்தக் கருவி, எந்த சிம் என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். இணையத்தைத் திறந்தால் அதற்குத் தனி வரிகள்: உங்களுக்குத் தரப்பட்ட ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எது, அங்கிருந்து எந்த முகவரியோடு, எப்போது தொடர்பு ஏற்பட்டது. முதலாவதைக் காவல்துறையினர் சிடிஆர் என்பார்கள், இரண்டாவதை ஐபிடிஆர் என்பார்கள். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளைத் திருத்தி, ஓராண்டாக இருந்த இந்தச் சேமிப்புக் காலத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது.

என்ன பேசினோம் என்பது அந்த வரியில் இல்லையே என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஜவ்வரிசியும் ரொட்டியும் போனால் அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சல். அரிசியும் எண்ணெயும் இரண்டு மடங்கு போனால் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகப் பற்று அடையவில்லை என்றால் வேலை போயிருக்கிறது. யாரும் கடைக்காரரிடம் வாய் திறக்கவில்லை, நோட்டே சொல்லிவிடுகிறது. அழைப்புப் பதிவும் அப்படித்தான். காலை பத்தரைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓர் அழைப்பு. மாலையில் புற்றுநோய் மருத்துவமனைக்கு. அது முடிந்த மறு நிமிடமே அக்காவுக்கு நாற்பது நிமிடம். மறுநாள் காப்பீட்டு நிறுவனத்துக்கு. இந்த நான்கு வரிகளைப் படித்த ஒருவருக்கு அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

"எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை" என்பவர்களிடம் நான் அரசைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. சேமித்து வைத்த தகவல் சேமித்தவர் கையோடு நிற்பதில்லை என்பதைத்தான் முதலில் சொல்வேன். 2018 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் தானே காவல்துறையினர், மற்றவர்களின் அழைப்புப் பதிவுகளைக் காசுக்கு வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள். 2023 ஜூனில் கோவிட் தடுப்பூசிக்காக மக்கள் கொடுத்த விவரங்களை ஒரு டெலிகிராம் பாட், அதாவது தானாகப் பதில் தரும் நிரல், கேட்பவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே யாரோ ஊடுருவினார்கள். சேமிக்கப்படாத தகவலை யாரும் கேட்டு வாங்கவும் முடியாது, திருடவும் முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்: உங்கள் பெயரில் விழும் வரிகளைக் குறைப்பது, விழுந்தே தீரும் வரிகளில் விவரம் குறைவாக இருக்கும்படி செய்வது.

தொடங்குமுன் ஒரு கேள்வி

எந்தச் செயலியையும் நிறுவுவதற்கு முன், யாரிடமிருந்து எதைக் காக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரசு ஊழியர் ஒருவரிடம் செய்தி பெறும் நிருபருக்குத் தாங்கள் இருவரும் பேசினோம் என்பதே மறைக்க வேண்டிய விஷயம். கணவரின் கொடுமையிலிருந்து வெளியேறத் திட்டமிடும் பெண்ணுக்கு ஆபத்து அரசு அலுவலகத்தில் இல்லை, அடுத்த அறையில் இருக்கிறது; அவர் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பக்கத்தை. அங்கே தெரியாத கணினி ஒன்று இருந்தால் அவருடைய உரையாடல் முழுவதும் வேறொரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் அதை நீக்கினால் எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும். பாதுகாப்பான இடத்துக்குப் போகும்வரை, நம்பிக்கையான வேறொருவரின் போனில் பேசுவதே நல்லது.

இப்படிப்பட்ட நெருக்கடி இல்லாத நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

ஒன்று: உங்கள் பெயரில் எத்தனை சிம்?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்துக்குச் செல்லுங்கள். செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை இட்டால், உங்கள் அடையாள ஆவணத்தின் பேரில் வாங்கப்பட்ட இணைப்புகள் பட்டியலாக வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது இணைப்புகள் இருக்கலாம் என்பதால், நீங்கள் அறியாத ஒன்றிரண்டு அதில் ஒளிந்திருக்க இடம் உண்டு. உங்களுடையது அல்லாத எண்ணை "என் எண் அல்ல" என்று அங்கேயே தெரிவிக்கலாம். இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறொருவர் வைத்திருக்கும் சிம்மில் நடக்கும் ஒவ்வொரு அழைப்பும் இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் பெயரிலேயே பதிவாகி நிற்கும்.

இதற்குச் செயலி தேவையில்லை, இணையதளமே போதும். சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய போன்களிலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் வந்த உத்தரவு, கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இரண்டு: பேச்சை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்

சாதாரண எஸ்எம்எஸ் பூட்டப்படாமலே பயணிக்கிறது. வாட்ஸ்அப்பிலும் சிக்னல் என்ற செய்திச் செயலியிலும் செய்தி உங்கள் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் சாவி இல்லை. டெலிகிராமில் நிலைமை வேறு. அங்கே "ரகசிய உரையாடல்" என்று தனியாகத் தொடங்கினால்தான் இந்தப் பூட்டு உண்டு. வழக்கமான உரையாடல்களும் குழுக்களும் அந்த நிறுவனத்தின் கணினியில் அவர்களால் திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. டெலிகிராம்தான் பாதுகாப்பானது என்று நம்பிக் குழு நடத்தும் பலரைப் பார்த்திருக்கிறேன். இதை அவர்களிடம் சொல்லும்போது முகம் மாறிவிடுகிறது.

வாட்ஸ்அப்புக்கும் சிக்னலுக்கும் உள்ள வேறுபாடு பூட்டில் இல்லை, பற்று நோட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு உங்கள் தொடர்புகள், குழுக்கள், பயன்படுத்தும் நேரம் போன்றவை தெரியும். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னலுக்கு வந்தபோது, அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்ற எதையும் அவர்கள் சேமித்தே வைக்கவில்லை. அதனால் முக்கியமான நான்கைந்து பேரையாவது சிக்னலுக்கு அழைத்து வாருங்கள். பதிவு செய்ய செல்போன் எண் வேண்டும். ஆனால் பயனர்பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மற்றவர்களுக்குக் காட்டாமல் இருக்கலாம்.

அழைப்புகளில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இருவர் பேசும்போது, ஒலி தெளிவாக இருப்பதற்காக இரண்டு போன்களும் பெரும்பாலும் நேரடியாக இணைந்துகொள்ளும். அப்போது உங்கள் ஐபிடிஆரில் எதிர்முனையில் இருப்பவரின் ஐபி முகவரியே விழுகிறது. என்ன பேசினீர்கள் என்று தெரியாது. யாரிடம் பேசினீர்கள் என்று கண்டுபிடிக்க அந்த முகவரி போதும். இதைத் தடுக்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் மேம்பட்டவை என்று போய், அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் தெரிவை இயக்குங்கள். சிக்னலிலும் அதே இடத்தில் அழைப்புகளை எப்போதும் அவர்களின் சர்வர் வழியாக அனுப்பும் தெரிவு உண்டு. ஒலியின் தரம் சற்றுக் குறையலாம். எனக்கு அது பெரிய விலையாகத் தெரியவில்லை.

மூன்று: பேக்கப் என்னும் பின்கதவு

முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆண்ட்ராய்டு போனிலிருந்து கூகுள் கணக்குக்கும் ஐபோனிலிருந்து ஐகிளவுடுக்கும் பேக்கப் ஆகின்றன. அந்தப் பிரதிக்கு வாட்ஸ்அப்பின் முழுப் பூட்டு தானாக வந்துவிடாது. நீங்கள் கேட்டால்தான் வரும். 2021-இல்தான் அந்த வசதியே தரப்பட்டது. அமைப்புகளில் சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்து, கீழே இருக்கும் முழு மறையாக்க பேக்கப் என்ற தெரிவை இயக்குங்கள். கடவுச்சொல் ஒன்று கேட்கும், அல்லது 64 எழுத்துகள் கொண்ட சாவி ஒன்றைத் தரும். அதை ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். மறந்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

உங்கள் பேக்கப் பூட்டியிருந்தும் எதிரில் பேசுபவரின் பேக்கப் திறந்திருந்தால் அதே உரையாடல் அங்கே கிடக்கும். ஆகவே முக்கியமான உரையாடல்களுக்கு மறையும் செய்திகளை இயக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போதும். குடும்பக் குழுவில் வரும் குழந்தையின் படத்துக்கு இது தேவையில்லை. வங்கி விவரம், மருத்துவ அறிக்கை, சண்டை, சமாதானம் எல்லாம் ஐந்து வருடம் போனில் தங்கியிருக்க வேண்டியதில்லை.

நான்கு: நீங்கள் பார்க்கும் தளங்கள்

முகவரி https என்று தொடங்கும், அதாவது எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் தளத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர் தெரியும். அது தெரியும் வழிகளில் ஒன்று டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் விசாரிப்பு இது, வழக்கமாக வெட்டவெளியில் நடக்கும். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன்களில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற இடம் உண்டு. அங்கே குவாட்9, கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகளில் ஒன்றின் பெயரை, அவர்களின் தளத்தில் கொடுத்துள்ளபடி ஆங்கிலத்தில் இட்டால் அந்த விசாரிப்பு பூட்டப்படும். குவாட்9 சுவிட்சர்லாந்தில் பதிவான, லாப நோக்கற்ற அமைப்பு. நான் அதையே வைத்திருக்கிறேன். இதனால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இணைப்பு தொடங்கும் நொடியில் பெரும்பாலான தளங்களின் பெயர் இன்னும் வெளியே தெரிகிறது, ஐபி முகவரியும் பதிவாகிறது.

பிரவுசரின் இன்காக்னிட்டோ சன்னல் இதில் எதற்கும் உதவாது. அது உங்கள் போனில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இன்காக்னிட்டோவில் இருந்தபோது திரட்டிய பதிவுகளை அழிப்பதாக கூகுள் 2024-இல் ஒரு வழக்கில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

ஐந்து: விபிஎன் வேண்டுமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை. அது உங்கள் தடத்தை அழிப்பதில்லை. இணைய நிறுவனத்தின் நோட்டில் விழ வேண்டிய வரிகளை விபிஎன் நிறுவனத்தின் நோட்டுக்கு மாற்றுகிறது. இணைய நிறுவனத்துக்கு "இவர் விபிஎன்னோடு இணைந்தார்" என்ற ஒரே வரி மிஞ்சும். ஆகவே கேட்க வேண்டியது, இரண்டாவது நிறுவனத்தின் நோட்டில் என்ன விழுகிறது என்பதை.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், தரப்பட்ட ஐபி முகவரிகள், எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்பது உட்பட அனைத்தையும், வாடிக்கையாளர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றன. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் ஆகியவை அந்த ஆண்டே இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. இன்று அவர்களின் பட்டியலில் "இந்தியா" என்று இருந்தால், அந்தக் கருவி பெரும்பாலும் வேறு நாட்டில் இருந்துகொண்டு இந்திய ஐபி முகவரியைத் தருகிறது.

பொதுவான பயன்பாட்டுக்கு விபிஎன் இந்தியாவில் சட்டவிரோதம் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை உத்தரவுகள் வந்திருக்கின்றன. அங்கே பயணம் செய்பவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாங்குவதானால், தன் பதிவுக் கொள்கையை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்தி, அந்த அறிக்கையை வெளியிட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தில் வரும் இலவச விபிஎன்களைத் தொடாதீர்கள். ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஒனாவோ என்ற இலவச விபிஎன் வழியாக மக்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று திரட்டியது. ஆப்பிளின் ஆட்சேபத்தால் 2018-இல் அது ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்பு தரும் பெயரில் வந்ததே வேவு பார்த்தது.

நிருபர், வழக்கறிஞர், தகவல் தருபவர் போன்றோருக்கு டோர் பிரவுசர் பொருத்தம். உங்கள் இணைப்பு மூன்று கணினிகளைத் தாண்டிச் செல்கிறது, முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது, மூன்றாவதற்கு நேர்மாறாக. வேகம் குறைவு. டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அதில் உங்கள் சொந்த மின்னஞ்சலைத் திறந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆறு: நீங்கள் இருக்கும் இடம்

போன் இயங்கிக்கொண்டிருக்கும்வரை கோபுரத்துக்கு உங்கள் இடம் தோராயமாகத் தெரியும். இதைத் தவிர்க்க எந்தச் செயலியும் இல்லை. ஓர் இடத்துக்குப் போனது பதிவாகக் கூடாது என்றால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் வழி.

மற்றவற்றைக் குறைக்கலாம். போனின் அமைப்புகளில் இருப்பிட அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். வானிலைச் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும், வீட்டு வாசல் தெரிய வேண்டியதில்லை. "துல்லியமான இருப்பிடம்" என்பதை அணைத்துவிடுங்கள். டார்ச் செயலி இடம் கேட்டால் அந்தச் செயலியையே நீக்குங்கள். கூகுள் கணக்கில் இணையச் செயல்பாட்டுப் பதிவை நிறுத்துங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படி வையுங்கள். விளம்பர அடையாள எண்ணை நீக்கும் தெரிவும் ஆண்ட்ராய்டில் உண்டு, ஒரு நிமிட வேலை.

சட்டம் எந்தப் பக்கம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ஒருவரின் தொலைபேசியை ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி, 2011-ஆம் ஆண்டின் ஓர் உத்தரவை ரத்து செய்தது. எல்லோருடைய தகவலையும் மொத்தமாகச் சேமிப்பது தவிர்க்க முடியாதது என்றும் நினைக்க வேண்டாம்: அதைக் கட்டாயமாக்கிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தை 2014 ஏப்ரல் 8 அன்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றமே செல்லாது என்றது.

ஆனால் நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், நிறுவனங்கள் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. தரவைப் பாதுகாக்க வந்த சட்டத்தின் விதியே சேமிக்கச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கணக்கை நீக்கிய மறுநாளே எல்லாம் அழிந்துவிடும் என்று எதிர்பார்க்காமல், கணக்குத் தொடங்குவதையே குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு: ஆதார் நகல்

சென்ற மாதம் ஒரு விண்ணப்பத்துக்காக எங்கள் பகுதி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று சுவரில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் ஆதாரை அனுப்பினார். கடைப் பையன் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது திரை முழுவதும் பார்த்தேன்: ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், யாரோ ஒருவருடைய மகளின் மதிப்பெண் பட்டியல். மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனான், முடியவில்லை. அந்தக் கடையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நீக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும், விடுதி அறைக்கும் கூரியருக்கும் அது போதும். எண்ணையே கேட்கும் சரிபார்ப்புகளுக்கு, மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்க மெய்நிகர் அடையாள எண் இருக்கிறது. இறக்கிய பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்களை அறிந்த எவரும் ஊகித்துவிடலாம் என்பதால் அதைப் பூட்டிய கோப்பாகக் கருதி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆணையத்தின் செயலியில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டிவிடுங்கள். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் மக்களின் வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. ரேஷன் கடையில் விரல் வைக்கும் நாளில் சில நிமிடங்கள் திறந்துகொள்ளலாம்.

நகல் எடுக்கும்போது அதன் மேலேயே குறுக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதுங்கள். கடைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அச்சானதும் அவர்கள் போனிலும் கணினியிலும் கண்முன் நீக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். நான் கேட்டபோது அந்தப் பையன் தயங்கவில்லை. என்னுடையதை நீக்கிவிட்டு, "இதையும் எடுத்துவிடவா?" என்று பெரியவருடையதைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் குனிந்து, தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இன்னொன்றும் இருக்கிறது, போன வருஷத்தது" என்றார்.